தீவுக்கு வந்த இடத்தில் ஒரு வாளி கிளிஞ்சல்: எதை எடுத்துப்போகலாம், எதை விடணும்?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

குடும்பத்தோடு ஒரு தீவுக்கு வந்திருக்கிறோம். வந்து இரண்டு நாள் ஆயிற்று, இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. முதல் நாள் காலையில் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையில் குனிந்தவர்கள் இருட்டும்வரை நிமிரவே இல்லை. அறைக்குத் திரும்பும்போது வாளி நிறைய சிப்பி, சோழி, சங்கு. அசதியில் கழுவாமல் கொள்ளாமல் குளியலறை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

இரவு இரண்டு மணி இருக்கும். டக், டக் என்று சத்தம். பல்லி ஏதோ தள்ளுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டால், ஒரு சங்கு தரையில் தானாக நடந்துபோகிறது! பின்னாலேயே இன்னும் இரண்டு. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள். மனைவி கட்டில்மேல் ஏறி நிற்க, நான் அரைத்தூக்கத்தில் அவற்றைப் பொறுக்கிக் கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். விடிந்தால் அடுத்த பிரச்சினை. வாளியிலிருந்து ஒரு நாற்றம், அறைக்குள் இருக்க முடியவில்லை.

மொத்தத்தையும் கடலில் கொட்டிவிடலாம் என்றேன். மகள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். எது உயிரோடு இருக்கிறது, எது காலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்றத்துக்கு என்ன வழி? ஊருக்கு எடுத்துப்போகலாமா கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சோழிப்பல்

உங்க வீட்டுக்குள்ள அது வந்த மாதிரி எழுதியிருக்கீங்க. அதோட வீட்டோட அதைத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே அண்ணே.


அலையடி

சிரிப்பு இருக்கட்டும், முதலில் வாளியைக் கவனியுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கிளிஞ்சல் சேர்க்கிறேன். நீங்கள் செய்த தவறை நானும் செய்திருக்கிறேன், என்ன, என்னுடையது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் செத்தது.

நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள். ஏதாவது உயிரோடு இருந்தால் குழாய்த் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். அகலமான பாத்திரத்தில் கடல்நீர் எடுத்து, நிழலில் வைத்து, எல்லாவற்றையும் அதில் பரப்பிவிட்டு இருபது நிமிடம் தொடாமல் இருங்கள். குழந்தைகளைக் காவலுக்கு உட்காரவையுங்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. உயிர் இருந்தால் மெல்ல ஒரு கால், ஒரு மீசை வெளியே வரும்.

சுருள் சங்கு என்றால் வாயைப் பாருங்கள். உள்ளே நகம் மாதிரி பழுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு மூடி அடைத்திருந்தால் சொந்தக்கார நத்தையே உள்ளே இருக்கிறது. மூடிக்குப் பதிலாக நண்டுக் கொடுக்கு தெரிந்தால் அது குடிவந்தது, துறவி நண்டு. அது ரொம்ப உள்ளே பதுங்கிக்கொள்ளும், அதனால் ‘காலியாகத்தான் தெரிந்தது’ என்று ஒரு பார்வையில் முடிவு கட்டாதீர்கள். இரட்டை ஓட்டுச் சிப்பி இறுக மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய் பிளந்து உள்ளே சுத்தமாக இருந்தால் காலி. மணல் டாலர், அதாவது நாணயம் மாதிரித் தட்டையான கடல் முள்ளெலி வகை, ஏதும் எடுத்தார்களா? வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் அது வெறும் எலும்புக்கூடு. பழுப்பாகவோ ஊதாவாகவோ, மேலே வெல்வெட் மாதிரி சின்னச் சின்ன முள் இருந்தால் அது உயிர்ப்பிராணி, உடனே தண்ணீருக்குப் போகணும்.

நாற்றம் வருகிறது என்றால் உள்ளே ஏற்கெனவே செத்தது ஒன்றிரண்டு இருக்கிறது. அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.


நத்தைக்கூடு

அலையடி அக்கா சொன்னதைச் செய்வதற்கு முன் ஒரு விஷயம். வாளியில் ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூராக, மேலே அழகான வலைப்பின்னல் கோலம் போட்டது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கையால் எடுக்காதீர்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கூம்பு நத்தை என்று ஒரு குடும்பம். வெப்பக்கடல்களில்தான் பெரும்பாலும் வாழும். அதன் பல்லே ஈட்டியாக மாறியிருக்கும். அதை எறிந்து நஞ்சைச் செலுத்தி மீன், புழு, மற்ற நத்தைகளைப் பிடித்துத் தின்னும். பெரும்பாலானவை நம்மைக் கொட்டினால் வலியோடு போய்விடும். ஆனால் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருக்கும் ‘கோனஸ் ஜியோகிராபஸ்’ மனிதர்களைக் கொன்றிருக்கிறது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. அகன்ற பக்கமாகப் பிடித்தால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பவேண்டாம், ஈட்டியை எறியும் அதன் துதிக்கை போன்ற வாய்க்குழாய் நீண்டு வளையும். சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம்.

இதே குடும்பத்து நஞ்சிலிருந்துதான் ‘சிகோனோடைடு’ என்ற வலிமருந்து வந்தது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மார்பினுக்கும் அடங்காத வலிக்கு முதுகுத்தண்டுத் திரவத்தில் நேரடியாகச் செலுத்துவார்கள். வாளியைப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம்.


உப்புக்காற்று

இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. இடுக்கி வைத்துப் பார்த்தேன். கூம்பு இரண்டு இருந்தன. இரண்டுமே உப்பில் தேய்ந்து, நிறம் போய், பக்கத்தில் ஓட்டை விழுந்த வெற்று ஓடு. அப்பாடா.

கடல்நீர் வைத்தியமும் ஆயிற்று. பதினொன்றில் அசைவு! ஏழு துறவி நண்டு, நான்கு நத்தை. மகன் ஒவ்வொன்றுக்கும் ‘டாட்டா’ சொல்லி விட்டுவிட்டு வந்தான். நாற்றம் பிடித்தவை மூன்று. மிச்சம் நூற்றுச் சொச்சம் காலி ஓடு. இதையாவது எடுத்துப்போகலாம்தானே?


மணல்மேடு

எடுக்கக்கூடாது. ஒன்றுகூட.

காலி ஓடு குப்பை இல்லை. துறவி நண்டுக்கு வீடு, சின்ன ஆக்டோபஸுக்குப் பதுங்குமிடம், பாசிக்கும் பவளக்குட்டிகளுக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு பிடி. கரைந்தால் சுண்ணாம்பாகக் கடலுக்கே திரும்புகிறது. ‘என் பிள்ளை ஒரு கைப்பிடி எடுத்தால் என்ன’ என்று எல்லாரும் நினைத்தால் என்னவாகும் என்று ஸ்பெயினில் கணக்கே எடுத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஓரம் ஒரே கடற்கரையில் 1978 முதல் 1981 வரை ஒருமுறை, 2008 முதல் 2010 வரை மறுமுறை, மாதாமாதம் சிப்பி எண்ணினார்கள். அந்த முப்பது வருடத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்கானார்கள், சிப்பி பாதிக்கும் கீழே போய்விட்டது.

இத்தாலியின் சார்தீனியா தீவில் 2017-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மணலோ கூழாங்கல்லோ சிப்பியோ எடுத்தால் 500 முதல் 3000 யூரோவரை அபராதம். 2019-இல் ஒரு தம்பதி காரில் 14 பாட்டிலில் 40 கிலோ மணலோடு மாட்டினார்கள். ஞாபகார்த்தமாம்!


ஆமைநடை

மணல்மேடு சார், 40 கிலோ மணலையும் அஞ்சு வயசுப் பையன் கைச் சிப்பியையும் ஒரே தராசில் வைக்கிறீங்களே.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் ஒரு கடற்கரை முழுக்கச் சிப்பிதான், மணலே கிடையாது. சில மீட்டர் ஆழத்துக்கு ஒரே இனத்துச் சின்னஞ்சிறு மட்டி. இறுகிப்போன அந்தச் சிப்பிக்கல்லை அறுத்துக் கட்டடமே கட்டியிருக்காங்க. அங்கே எடுக்கலாமா கூடாதா என்பது வேற பேச்சு, ஆனா எல்லாக் கரையும் ஒண்ணு இல்லைன்னு சொல்ல வரேன்.

என் பொண்ணு ஏழு வயசில் பொறுக்கின ஒரு சோழிதான் அவளைக் கடல்பக்கம் திருப்பிச்சு. எதையுமே தொடாதேன்னு கையைக் கட்டிப்போட்டிருந்தா அதுவும் நடந்திருக்காது.


நத்தைக்கூடு

இருவருக்கும் நடுவில் நான் புகுந்து இருவரிடமும் திட்டு வாங்கத் தயார்.

அந்த ஸ்பெயின் ஆய்வை நானும் படித்தேன். சிப்பி குறைந்ததற்கு ஆட்கள் பொறுக்கியது மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. கடற்கரையைச் சுத்தம் செய்ய இறக்கும் இயந்திரங்களும் சுற்றுலாவோடு சேர்ந்தே வருகின்றன. குழந்தையின் வாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அந்த ஆய்வு போதாது. ஆனால் அந்த முப்பது வருடத்தில் ஆட்கள் பெருகப்பெருகச் சிப்பி குறைந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

துறவி நண்டு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குச் சொந்தமாக ஓடு வளராது. வயிற்றுப்பக்கம் மெத்தென்று இருக்கும், வளர வளரப் பெரிய ஓடு தேடியாகவேண்டும். நல்ல பெரிய ஓடு ஒன்று கரையொதுங்கினால் நண்டுகள் சுற்றிக் கூடி, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு புது ஓட்டுக்குள் போனதும் அது விட்ட ஓட்டில் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது என்று சில நொடிகளில் வரிசை முழுக்க வீடு மாறிவிடும். ஆக நாம் எடுக்கும் ஒரு பெரிய முழுச் சங்கு ஒரு நண்டின் வீடு அல்ல, ஒரு வரிசை முழுக்க வீடு மாறுவதற்கான தொடக்கம்.

ஓடு கிடைக்காமல் பிளாஸ்டிக் மூடிக்குள்ளும் உடைந்த பல்புக்குள்ளும் புகுந்துகொள்கின்றன. மக்கள் இணையத்தில் போட்ட படங்களைத் தேடிப் பார்த்து 2024-இல் வந்த ஆய்வு, தரைவாழ் துறவி நண்டு 16 இனங்களில் 10 இனங்கள் இப்படிக் குப்பையை உடுத்தியிருப்பதாகக் காட்டியது. ஓட்டுத் தட்டுப்பாடு மட்டும்தான் காரணமா என்பது இன்னும் முடியாத கேள்வி.

என் கட்சி இது. அந்த இடத்தில் சட்டம் அனுமதித்தால் உடைந்தது, தேய்ந்தது, ஜோடி பிரிந்த ஒற்றைச் சிப்பி ஓடு, இவற்றில் நாலைந்து எடுங்கள். பெரிய, முழுசான, சுருள் சங்கை விட்டுவிடுங்கள். அழகானதை விட்டு உடைந்ததை எடுக்கச் சொல்கிறானே என்று கோபம் வரும். வரட்டும்.


இரவுரயில்

சம்பந்தமில்லாத கேள்வி. சங்கைக் காதில் வைத்தால் கேட்பது நம் ரத்த ஓட்டச் சத்தமா?


நத்தைக்கூடு

இல்லை. சுற்றியுள்ள சத்தம்தான் சங்குக்குள் எதிரொலித்துப் பெருகுகிறது. சத்தமே நுழையாத அறையில் வைத்துப் பார்த்தால் சங்கு ஊமை. ரத்தச் சத்தம் என்றால் அங்கேயும் கேட்கவேண்டுமே.


சோழிப்பல்

எனக்கும் ஒண்ணு. வலம்புரி, இடம்புரின்னு சொல்றோமே, எந்தப் பக்கம் பார்த்து?


அலையடி

இதில் பெரிய குழப்பமே இருக்கிறது தம்பி. சங்கின் கூர்முனைச் சுருள் மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படிப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் அறிவியலில் அது வலச்சுருள். உலகத்துச் சங்குகளில் மிகப்பெரும்பாலானவை அப்படித்தான். இப்போது அதையே தலைகீழாகத் திருப்புங்கள், சுருள் கீழே. வாய் இடப்பக்கம் போய்விடும். நாம் வழிவழியாக வலம்புரி என்று போற்றுவது அறிவியலுக்கு இடச்சுருள். லட்சத்தில் ஒன்று என்பார்களே, அந்தப் பிறழ்ச் சுருள். அமெரிக்கக் கரையோரம் ஒரு சங்கினம் பிறவியிலேயே இடச்சுருள். அங்கே எல்லாமே அப்படித்தான். அதை இறக்குமதி செய்து வலம்புரி என்று விற்பவர்கள் உண்டு. உங்கள் வாளியில் இடப்பக்கம் வாய் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.


உப்புக்காற்று

இரண்டு மணி நேரம் இருந்தார்கள் அக்கா, கோடி நன்றி. இடப்பக்க வாய் ஒன்றுகூட இல்லை.

நடந்தது இது. தங்குமிடத்தில் கேட்டேன், பக்கத்திலுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில் எதையும் எடுக்கக்கூடாது, இந்தப் பக்கக் கரையில் காலி ஓடு கொஞ்சம் எடுக்கலாம் என்றார்கள். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது என் வேலை. மகள் தானாகவே ஒரு விதி போட்டாள். பகலெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கலாம், சாயங்காலம் ஆளுக்கு இரண்டுதான், மிச்சம் எடுத்த இடத்துக்கே. சாயங்காலத் தேர்வு இருக்கிறதே, வழக்காடுமன்றம் தோற்றுவிடும். தம்பி ஒரு துண்டு உடைந்த சிப்பிக்காக அழுது ஜெயித்தான்.

நிறைய சிப்பியில் அச்சு வைத்தமாதிரி வட்டமாக ஓட்டை இருக்கிறது, நூல் கோக்கத் துளைபோட்ட மாதிரி. யாரோ மாலை கட்டிவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். அத்தனை சிப்பியிலுமா?


நத்தைக்கூடு

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! அது கொலை நடந்த இடம்.

ஓட்டையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளியே அகலமாக, உள்ளே போகப்போகக் குறுகி, கிண்ணம்போலச் சரிந்திருந்தால் நிலா நத்தையின் வேலை. சுவர் நேராக, குழாய்போல இருந்தால் முரெக்ஸ் வகை நத்தைகள். இரண்டும் நாக்கில் உள்ள அரம்போன்ற பற்களால் சுரண்டும், இடையிடையே சிப்பி ஓட்டின் சுண்ணாம்பை இளக்கும் திரவத்தைப் பூசும். மணிக்கணக்காகும் வேலை. துளைத்ததும் துதிக்கையை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். நிலா நத்தை மண்ணுக்குள் சிப்பியைக் காலால் கட்டிப்பிடித்துத் துளைப்பதால் ஓட்டை பெரும்பாலும் இரண்டு ஓடும் சேரும் கீலுக்குப் பக்கத்திலேயே விழும். கரையில் மணலால் செய்த சட்டைக் காலர் மாதிரி ஏதாவது பார்த்தீர்களா? அது குப்பை அல்ல, அதே நத்தையின் முட்டைகள் மணலோடு ஒட்டியது. தொடாமல் விடுங்கள்.

கீரட் வெர்மே என்று ஒரு விஞ்ஞானி. 1946-இல் நெதர்லாந்தில் பிறந்தவர், மூன்று வயதிலேயே பார்வை முழுக்கப் போய்விட்டது. சங்கை விரலால் தடவித் தடவியே படித்து, துளைப்பவர்களுக்கும் துளைபடுபவர்களுக்கும் நடந்த கோடிக்கணக்கான வருடச் சண்டையை, ஓடு தடித்ததும் முள் முளைத்ததும் வாய் குறுகியதும் ஏன் என்பதை, எழுதியவர். உங்கள் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சிப்பியைக் கையில் கொடுங்கள். பார்க்கும்போது தெரியாத கீறல், வடு, பழைய உடைசல் ஒட்டிய தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரியும்.


ஆமைநடை

கொலை நடந்த இடம்னு குழந்தைங்ககிட்ட சொல்லலாமா?


உப்புக்காற்று

சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் துப்பறிவாளர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுப்புகிறார்கள்.


அலையடி

எழுப்பட்டும், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து இல்லை, கடலைப் பார்த்து. நீர் வற்றி முடிகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போங்கள். அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் நிறைய உள்வாங்கும், அப்போதுதான் மற்ற நாளில் தெரியாத மணல்திட்டு வெளியே வரும். காற்றடித்து ஓய்ந்த மறுநாள் இன்னும் விசேஷம். ப்ளோரிடாவில் சேனிபெல் என்ற தீவு கிழக்கு மேற்காகக் குறுக்கே படுத்திருப்பதால் கடல் கொண்டுவருவதெல்லாம் அதில் தட்டிக் குவிகிறது. சிப்பி பொறுக்கிப் பொறுக்கிக் கூனும் முதுகுக்கே அங்கே ‘சேனிபெல் கூனல்’ என்று பெயர். அந்த ஊரிலேயே 1995 முதல் உயிருள்ள சங்கு எடுக்கத் தடை. மணல்மேடு கவனிக்க.

இனி சுத்தம் செய்வது. நாற்றம் பிடித்த அந்த மூன்றையும் தங்கும் அறையில் வைத்து ஒன்றும் செய்யமுடியாது, கடலிலேயே போட்டுவிடுங்கள், நண்டு பார்த்துக்கொள்ளும். காலி ஓட்டை நல்ல தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். வெயில் வேண்டாம், நிறம் ஓடிவிடும். வினிகர் பளபளப்பாக்கும் என்று வீடியோ போடுகிறார்களே, கேட்காதீர்கள். ஓடு என்பது சுண்ணாம்பு, அமிலம் அதைத் தின்னும். ஒரு சொட்டு பேபி ஆயில் தடவினால் போதும், நனைந்தபோது இருந்த நிறம் திரும்பும். சோழிக்கு அதுவும் வேண்டாம். உயிரோடு இருக்கும்போது அதன் போர்வைச் சதை ஓட்டை வெளியிலிருந்தே மூடிக்கொண்டிருப்பதால்தான் அந்த மினுமினுப்பு.

வீட்டில் மரப்பெட்டியில் வைக்காதீர்கள், முக்கியமாக ஓக். அட்டைப்பெட்டியும் சரியில்லை. நான் முதல் ஐந்து வருடச் சேகரிப்பை ஒரு அழகான மர அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் திறந்தால் எல்லாவற்றிலும் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. துடைத்தால் உள்ளே ஓடே அரித்துக் கிடக்கிறது. பைன் நோய் என்பார்கள். 1899-இல் பைன் என்பவர் இதைக் கிருமி என்று நினைத்து எழுதினார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. உண்மையில் நோயே இல்லை, மரத்திலிருந்து கசியும் அமில ஆவி. கண்ணாடி ஜாடி போதும்.

எல்லாவற்றையும்விட, சீட்டு எழுதுங்கள். தேதி, கரையின் எந்தப் பக்கம், நீர் வற்றியிருந்ததா, மணலா பாறையா. சீட்டு இல்லாத சங்கு வெறும் அலங்காரப் பொருள்.


மணல்மேடு

கவனித்தேன் அம்மா. நான் ஒன்றுகூட என்றது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பாதிக்குமேல் வாபஸ் வாங்கமாட்டேன்.

கிளம்புவதற்கு முன் ஒன்று. கடையில் விற்கும் ராணிச் சங்கு, ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ், பவளம் இவை ‘சைட்டீஸ்’ என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. ராட்சதச் சிப்பிகள் 1980-களிலிருந்து, ராணிச் சங்கு 1992-இலிருந்து, நாட்டிலஸ் 2017-இலிருந்து. எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். ராணிச் சங்கு மூன்றுவரை சொந்த உபயோகத்துக்குச் சலுகை உண்டு என்றாலும் ஒவ்வொரு நாடும் அதைவிடக் கடுமையாகச் சட்டம் வைக்கலாம், வைத்திருக்கின்றன. கடைக்காரர் ரசீது கொடுத்தார் என்பது விமான நிலையத்தில் செல்லாது. அதோடு கடையில் பளபளவென்று இருக்கும் பெரிய சங்கு பெரும்பாலும் கரையொதுங்கியது அல்ல, உயிரோடு பிடித்து அவித்தது.


உப்புக்காற்று

ஊர் வந்து சேர்ந்தோம். மொத்தம் பதினோரு ஓடு, ஒரு கண்ணாடி ஜாடி. கடையில் ஒன்றும் வாங்கவில்லை. பெட்டியில் நாற்றம் இல்லை. கடைசிக் காலையில் மகன் தன் பங்கில் இருந்த முழுச் சங்கு ஒன்றைக் கரையில் வைத்துவிட்டு, வரிசை வருமா என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு நண்டு வந்தது, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து பார்த்தது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, போய்விட்டது. ‘அதுக்கு லூசா இருக்குப்பா’ என்றான்.

சீட்டு எழுதும் வேலை மகளுடையது. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘காலி. ரெண்டு தடவை பாத்தேன்.’

ஒரு சிப்பிக்கு மட்டும் நத்தைக்கூடு சாரிடம் கேட்கச் சொன்னாள். கீலுக்குப் பக்கத்தில் அதே கிண்ண ஓட்டை, ஆனால் பாதியில் நின்றிருக்கிறது. உட்புறம் வழவழப்பாக இருக்கிறது, துளை வரவேயில்லை. ஏன் நிறுத்தியது?


நத்தைக்கூடு

நல்ல கண் அவளுக்கு. துளைத்துக்கொண்டிருந்தபோது அலை புரட்டியிருக்கலாம், நண்டு ஏதாவது அந்த நத்தையையே துரத்தியிருக்கலாம், சிப்பி நழுவியிருக்கலாம். ஓட்டை வைத்து அதைச் சொல்லமுடியாது. ஆனால் இந்தத் துளையால் அது சாகவில்லை. பாதித் துளையிலிருந்து ஓட்டின் வெளி விளிம்புவரை எத்தனை வளர்ச்சிக் கோடு இருக்கிறது என்று விரலால் தடவி எண்ணச் சொல்லுங்கள், படமும் போடுங்கள்.


உப்புக்காற்று

கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினாலு வரைக்கும் வந்து விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.